வறண்ட ஓயாவில் நான் சொல்லாமல் விட்டது

தம்பிமாரே,

என்னைத் தேடி வரும்போதெல்லாம் நீங்கள் கேட்பது கம்பியைப் பற்றித்தான். இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கினால் கீழே கிடப்பது இல்லமா, வெறும் சரளையா என்று எப்படித் தெரியும்? சத்தத்தை எப்படிப் பிரித்துக் கேட்பது? நுனியில் ஒட்டி வரும் களிமண்ணைப் பார்த்து என்ன சொல்வது? இதெல்லாம் ஒரு கோடையில் கைக்கு வந்துவிடும். வராதவனுக்கு நான் மூன்று நாள் உட்கார்ந்து சொன்னாலும் வராது. ஆகையால் கம்பியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் ஒரு மனிதன் பிழைத்திருப்பான். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இல்லம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: மாணிக்கக் கல் கிடக்கும் சரளைப் படிவத்துக்குத்தான் நம் தொழிலில் அந்தப் பெயர். மனிதர் குடியிருக்கும் இல்லம் அல்ல.

நான் ஓடியாடி வேலை செய்த காலத்தில் பல்லேகமத்துப் பக்கத்துச் சிற்றாறுகளான ஓயாக்கள் கோடையில் அடியோடு வற்றிவிடும். தண்ணீர் ஓடிய இடத்தில் மாட்டு வண்டி போகும். அந்த மணலுக்கு அடியில்தான் நல்ல இல்லம் இருக்கும். தண்ணீர் இருந்தால் தோண்ட முடியாது, தண்ணீர் இல்லாவிட்டால் கழுவ முடியாது. ஆகவே கோடையில் தோண்டி, சரளையைக் கரையில் உயரமான இடத்தில் குவித்து, தழையால் மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்போம். பொறுமை இல்லாதவர்கள் காய்ந்த சரளையைச் சுளகில் போட்டுக் காற்றில் புடைத்துப் பார்ப்பதும் உண்டு. தூசி பறக்கும், கனமானது நிற்கும், கல் கண்ணில் படும் என்பது எண்ணம். நானும் புடைத்திருக்கிறேன். இரண்டு கண்ணும் வீங்கியதுதான் மிச்சம்.

அப்போது குழிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உங்களில் சிலர் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். இல்லத்தைத் தொட்டாகிவிட்டால், கடைசிக் கூடை மேலே வரும்வரை கெட்ட சொல் ஒன்றும் வாயில் வரக்கூடாது. பாம்பு, சாவு, நட்டம், வெள்ளம் எதையும் சொல்லக்கூடாது. குழிக்குள் இருப்பவனைப் பதறி மேலே வா என்று கூப்பிடவும் கூடாது. சொன்னால் கல் இடம் மாறிப் போய்விடுமாம். எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் குழி வாயில் நின்றால் சிங்களவர், தமிழர், எங்களைப் போன்ற சோனக முஸ்லிம்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான்.

அந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரு முறை மீறியிருந்தேன். நாவுலப் பக்கம் ஒரு குழி. எட்டுப் பேர் கூட்டு. இல்லத்தைத் தொட்டு அள்ளிக்கொண்டிருக்கையில் குழி விளிம்பில் ஒரு புடையன் நெளிந்து போனது. உள்ளே மூன்று பேர். "பாம்பு! பாம்பு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் அடித்துப் பிடித்து மேலே வந்தார்கள், பாம்பு பற்றைக்குள் போனது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மழை வந்து சரளையைக் கழுவிய அன்று ஒரு கல்கூட இல்லை. ஏழு பேரும் கூடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அதோடு என் பெயர் கெட்டது. நாவுலயிலிருந்து பல்லேகமம்வரை 'வாய் நிற்காத நானா' என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களை அண்ணன் என்ற முறையில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு கோடை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாத்தளையில் மச்சானின் பலசரக்குக் கடையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து செத்தல் மிளகாய் நிறுத்துக் கொடுத்தேன். வருகிறவர்களெல்லாம் "தொழில விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். தும்மிக்கொண்டே ஆமாம் என்பேன். அந்த வெட்கம் எப்படிப்பட்டது என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைக்குத்தான் கருப்பையா வந்தார். எல்கடுவ மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கணக்கப்பிள்ளையோடு கைகலப்பாகி வேலையிலிருந்து பெயர் வெட்டப்பட்டவர். மனைவி செல்லம்மா இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டிப் பழகிய கை என்பதால் இவர் குழி வேலைக்கு இறங்கியிருந்தார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று அவர் தராசுக்கு எதிரே நின்றுகொண்டு சிரித்தார்.

"நீங்கதானே பாம்பக் கண்டு கத்துன நானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒங்களுக்கு என்ன வேணும்? மிளகாயா, மல்லியா?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. பாம்பக் கண்டா பாம்புன்னுதானே சொல்லணும்? வேற என்னான்னு சொல்றது? அதுக்குப் போயி ஒங்கள ஒதுக்கி வச்சிருக்காங்களே, அந்த ஆளுகளுக்குப் புத்தி இருக்கா?"

இரண்டு வருடத்தில் என் பக்கம் பேசிய முதல் ஆள் அவர். பல்லேகமத்துக்குக் கீழே முதியான்சே என்ற விவசாயியின் வயலை ஒட்டி ஓர் ஓயா வற்றிக் கிடக்கிறது, கம்பி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொன்னார். மச்சானிடம் தராசைக் கொடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

முதியான்சே என்னை மேலும் கீழும் பார்த்தார். தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும், பேசுவது சிங்களத்தில். "நானா வரட்டும். ஆனால் என் குழியில் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்" என்றார். அவருக்கு அது விளையாட்டு அல்ல. நான் தலையாட்டினேன். திரும்பி நடக்கையில் கருப்பையா என் தோளில் இடித்து, "சரின்னுட்டு வாங்க நானா. அவரு மண்ணு, அவரு சட்டம். நமக்கென்னா" என்றார்.

மூன்று பேர், மூன்று பங்கு. கம்பி நல்ல இடத்தைக் காட்டியது. கருப்பையா உள்ளே வெட்டுவார், நானும் முதியான்சேயும் மேலே நின்று கூடையை இழுப்போம். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். பக்கச் சுவருக்குக் கம்பு கட்டித் தழை அடைத்திருந்தோம். ஏறி இறங்க, கால் வைக்கும் அளவுக்கு வெட்டு வெட்டிய ஒரு மரம். அந்த நாட்களில் கருப்பையா சிரிக்காத நேரத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்துகொண்டு தன் பிள்ளைகளைப் பற்றியே பேசுவார். மூத்தவளை மாத்தளையில் படிக்க வைக்க வேண்டும், அவள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டக்கூடாது என்பார். முதியான்சே கல்லைப் பற்றிக் கனவு கண்டார். நான் என் பெயரைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று கனவு கண்டேன்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு நாள் காலை இல்லத்தைத் தொட்டோம். நல்ல இல்லம். உருண்டைக் கற்கள், வெள்ளைக் களி, பார்த்தாலே தெரிந்தது. முதியான்சே மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். பகல் சாப்பாட்டுக்குக்கூட கருப்பையா மேலே வரவில்லை, சோற்றுப் பொதியைக் கூடையில் வைத்து இறக்கினோம்.

பின்னேரமாகிவிட்டது. எங்கள் தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. மணலில் கால் வைக்க முடியவில்லை. கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது லக்கலை மலைப் பக்கம் பார்த்தேன். மலை இருந்த இடமே தெரியவில்லை. அடுப்புச் சுவர் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. காற்றும் திரும்பியிருந்தது, அதில் நனைந்த மண் வாசம் வந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் ஓயாவில் அலைந்தவன் நான்? மேலே பெய்தால் கீழே வரும். இங்கே வெயில் அடிக்கிறது என்பதால் அது வராமல் போய்விடாது.

முதியான்சேயும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனது அவருக்கு விளங்கியது.

"எபா, நானா" என்றார் மெதுவாக. வேண்டாம் என்று அர்த்தம். அதட்டவில்லை, கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

மலையில் பெய்யும் மழை எங்களிடம் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். மிச்சம் நாலைந்து கூடைதான். அள்ளி முடித்துவிடலாம். கணக்கு சரிதான். மழை எப்போது பெய்யத் தொடங்கியது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதை நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தேன். ஆனால் வெள்ளத்துக்குப் பயப்படவில்லை. இந்தக் குழியும் வெறுங்குழியாகி, மறுபடியும் ஆட்கள் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வைக்குப் பயந்தேன். மச்சானின் தராசுக்குப் பயந்தேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "என்னா நானா, மேல சத்தத்தையே காணோம்? ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "நீங்க அள்ளுங்க."

"அள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தா, இழுங்க. இன்னும் மூணு கூடைதான். மூலையில மட்டும் கொஞ்சம் கெடக்கு."

இழுத்தோம். கொட்டினோம். கூடையை இறக்கினோம். மறுபடியும் இழுத்தோம். என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் ஓயாவின் மேல் பக்கம் இருந்தது. இன்னும் ஒன்று என்று நினைத்தேன். அதை இழுத்த பிறகும் அதையே நினைத்தேன். கயிற்றை உதறி அவரை மேலே வரச் சைகை செய்திருக்கலாம். கெட்ட சொல் எதுவும் சொல்லாமல், "கருப்பையா, பீடி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் இப்போது எனக்கு வரிசையாகத் தோன்றுகிறது. அன்று ஒன்றுகூடத் தோன்றவில்லை.

கடைசிக் கூடை பாதியில் வரும்போது அந்தச் சத்தம் கேட்டது. சல்லிக்கல் கொட்டும் லொறி வளைவில் வருவது போலிருந்தது. அந்தப் பக்கத்தில் லொறிப் பாதையே கிடையாது.

அப்போதுதான் கத்தினேன். கயிற்றை முதியான்சே கையில் விட்டுவிட்டு, "வெள்ளம்! கருப்பையா, வெள்ளம் வருது, ஏறுங்க, ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு உடனே மரத்தில் ஏறிவிட்டார். நான் சொன்னால் அப்படித்தான், கேள்வி இல்லாமல் செய்வார்.

தண்ணீர் மரக்கிளையும் கல்லுமாக வந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும், ஆனால் குழியின் மேல் விளிம்பை அப்படியே அடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அவர் தலை வெளியே வந்ததை நான் கண்டேன். ஒரு கை விளிம்பைப் பிடித்திருந்தது. நான் குனிந்தேன். பக்கத்துக் கம்புகள் சரிந்தன, ஏறி வந்த மரமும் சரிந்தது, அவரையும் காணவில்லை. முதியான்சே என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக் கரைக்கு இழுத்திராவிட்டால் நானும் போயிருப்பேன். பல நாள் அந்தக் கோபம் முதியான்சே மேல் எனக்கு இருந்தது.

அரை நிமிடம் போதும், தம்பிமாரே. நான் பேசாமல் நின்றது கால் மணி நேரத்துக்கும் மேலே. அவருக்குத் தேவைப்பட்டது அரை நிமிடம்.

மறுநாள் காலையில் அரை மைல் கீழே ஒரு மருத மரத்தின் வேரில் அவர் உடலைக் கண்டெடுத்தோம். விசாரணையில் திடீர் வெள்ளம் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். கரையில் குவித்து வைத்த சரளைக்கு ஒரு சேதமும் இல்லை. வெள்ளம் எட்டாத உயரத்தில் அதை வைத்திருந்தோம். சரளையை வைக்கும்போது வெள்ளத்தை நினைக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கண்ணால் கண்டதை உடனே வாயால் சொல்லுங்கள். கல் போனால் போகட்டும். உங்களை வாய் நிற்காதவன் என்று ஊர் முழுக்கச் சிரிக்கட்டும். உள்ளே ஒருவன் இருக்கும்போது மேலே நிற்பவனுடைய வேலை அது ஒன்றுதான், கூடை இழுப்பது அதற்குப் பிறகு. கட்டுப்பாடு வைத்தவர்களைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். முதியான்சே அந்தச் சட்டத்தை நம்பினார், நம்பியதால் பேசவில்லை. நான் நம்பவில்லை. நம்பாமலே பேசாதிருந்தேன்.

இதற்குப் பிறகு எழுதுவது உங்களுக்குப் பாடமாக அல்ல. நான் யாரிடமும் சொல்லாததால் எழுதுகிறேன்.

சரளையைக் கழுவும் அன்று பங்காளிகள் எல்லோரும் நிற்க வேண்டும். செத்தவருடைய இடத்தில் அவருடைய ஆள் நிற்க வேண்டும். பெண்களைக் குழிப் பக்கமே விடாத முதியான்சே, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தானே எல்கடுவவுக்குப் போய்ச் செல்லம்மாவைக் கூட்டி வந்தார். "அவன் இடத்தில் நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மழைக்குப் பின்னால் ஓயா அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு, அடி மணல் தெரிகிற தெளிவு. குழி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. நானும் முதியான்சேயும் இடுப்பை வளைத்துக் கூடை கூடையாகக் கழுவினோம். செல்லம்மா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொடிக் கற்கள் கொஞ்சம் வந்தன. மத்தியானம் ஒரு நீலம் வந்தது. பெரிது என்று சொல்ல முடியாது, ஆனால் சுத்தமானது. முதியான்சே என்னைக் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வந்த முதியான்சே என் காதருகே சொன்னார்: "நீ அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்தாயே, அதனால்தான் கல் நின்றது." ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவருக்கும் ஓர் ஆறுதல் வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கூடையைத் தூக்கி அவர் முகத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கரைக்கு வந்தேன். செல்லம்மா எழுந்து நின்றாள்.

"நானா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க தங்கச்சி."

"அன்னிக்கு மலையில எங்க தோட்டத்துல ரெண்டு மணிக்கே மழ புடிச்சிருச்சு. பகலுக்கப்புறம் கொழுந்துக்குக்கூட போகல. மலையெல்லாம் அப்பவே இருட்டிக்கிட்டு வந்திச்சு. நீங்க ரெண்டு பேரும் மேலதானே நின்னீங்க. இங்கருந்து பாத்தா அது ஒண்ணும் தெரியலீங்களா?"

முதியான்சே தண்ணீருக்குள் குனிந்தபடி இருந்தார். கழுவிய கூடையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "இங்க நல்ல வெயிலு."

அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"அதத்தான் நானும் எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அவருதான் சந்தேகமா பேசிக்கிட்டு இருந்தாரு. நானா பாத்திருந்தா ஒடனே கூப்புட்டிருப்பாரு, அப்புடி விடுற ஆளு இல்ல அவருன்னு சண்ட போட்டேன். மனசுல ஒரு ஓரமா உறுத்திக்கிட்டே இருந்திச்சு. கேட்டதுக்கு மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இந்த முறை எந்தக் குழியும் இல்லை, எந்தக் கட்டுப்பாடும் இல்லை, அள்ள வேண்டிய கூடை ஒன்றும் மிச்சமில்லை.

செல்லம்மா பையிலிருந்து ஒரு பொதியை எடுத்தாள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். விடிய முன்னம் எழுந்து சுட்டதாம். "காலையிலேருந்து ஒண்ணும் திங்கல நீங்க. மொகமெல்லாம் வாடிப் போய்க் கெடக்கு. மொதல்ல உக்காந்து சாப்புடுங்க நானா" என்று பிரித்து வைத்தாள்.

எனக்குப் பசித்தது. உட்கார்ந்து மூன்று ரொட்டி தின்றேன். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் தின்று முடித்ததும் ஓயாவில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து என் கையில் ஊற்றினாள்.